எங்கள் இருவரிடமும் இல்லாத சர்க்கரை

பிப்ரவரி 3, செவ்வாய்

காலையில் வக்கீல் ஒருவர் கடைக்கு வந்து வெள்ளைச் சட்டையைக் கவுண்டரில் போட்டார். துவைத்ததில் கஞ்சி போகவே இல்லையாம், காலர் கழுத்தை அறுக்கிறதாம். போன மாதம் கஞ்சி போதவில்லை என்று சண்டை போட்டவரும் இவர்தான். காலரில் ஒரு சொட்டு அயோடின் விட்டேன். கருநீலமாக மாறியது. "என்னங்க, மையைக் கொட்டுறீங்க?" என்று பதறினார். மை இல்லை, சாட்சி என்றேன். கஞ்சி இருக்கும் இடத்தில்தான் இந்த நிறம் வரும். அவர் சொன்னது உண்மை என்று ஆகிவிட்டது. ஆனாலும் முகம் தெளியாமல்தான் போனார். சாட்சி தன் பக்கம் பேசினாலும் வக்கீலுக்குப் பிடிக்காது போலிருக்கிறது.

முப்பத்தெட்டு வருஷமாக லாண்டரி நடத்துகிறேன். பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. மீதியை நானே படித்துக்கொண்டேன். குளுக்கோஸ் என்பது ஒரு மணி. அதை எல்லாம் ஒரே பக்கமாகப் பார்க்கக் கோத்தால் மாலை சுருண்டுகொள்ளும். அது மாவு. அந்தச் சுருளுக்குள் அயோடின் போய் உட்காருவதால்தான் நீலம். அதே மணியை ஒன்று விட்டு ஒன்று கவிழ்த்துக் கோத்தால் மாலை நேராக நிற்கும், பக்கத்து மாலைகளை இறுகப் பிடித்துக்கொள்ளும். அது பருத்தி. ஆக, சட்டையும் சட்டைக்குப் போடுகிற கஞ்சியும் ஒரே சரக்கு.

இதைச் சொன்னதற்குத்தான் பதினோரு வருஷத்துக்கு முன்னால் என் தங்கை, கல்லூரியில் உயிரியல் நடத்துகிறவள், தன் புத்தகம் வெளிவந்த விருந்தில், இருபது பேர் முன்னால், "அப்படின்னா சட்டையைச் சாப்பிட்டுப் பாரேன் அண்ணா" என்றாள். இருபது பேரும் சிரித்தார்கள். கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வந்தவன்தான். அதன் பிறகு அவளோடு பேச்சு இல்லை.

இப்போது நினைத்தாலும் சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. இன்று இறங்கியது. கொஞ்சம் குறைவாக.

பிப்ரவரி 5, வியாழன்

கஞ்சியை எடுக்கிற என்சைம் பொடி இரண்டு டப்பா வந்தது. சட்டையில் இருக்கும் கஞ்சியை மட்டும் துண்டு துண்டாக வெட்டும், சட்டையைத் தொடாது. கோத்த விதம் வேறு, அதனால் இரண்டும் வேறு என்பது அவள் கட்சி. மணி ஒன்று, அதனால் இரண்டும் ஒன்று என்பது என் கட்சி. பொடி எந்தக் கட்சி என்பது எனக்குத் தெரியும். எழுத மாட்டேன்.

பிப்ரவரி 9, திங்கள்

தங்கையின் மகள் கடைக்கு வந்தாள். கடைசியாகப் பார்த்தபோது பள்ளிச் சீருடையில் இருந்தாள். இப்போது கண்ணாடி போட்டு, அவள் அம்மாவைப் போலவே கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"மாமா, அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க."

குடலில் கட்டி. பல மாதங்களாக உள்ளுக்குள் ரத்தம் கசிந்திருக்கிறது, சோர்வு என்று நினைத்து அவள் பாட்டுக்கு வகுப்பெடுத்திருக்கிறாள். பன்னிரண்டுக்கு மேல் இருக்கவேண்டிய ஹீமோகுளோபின் ஆறரை. உடனே வெட்டி எடுக்கவேண்டும், அதற்கு ரத்தம் வேண்டும். ஓ வகை என்று நான்கு பை கொண்டுவந்து இவள் ரத்தத்தோடு கலந்து பார்த்தால் நான்கும் திரிதிரியாகத் திரிந்துவிட்டதாம். கூடப் பிறந்தவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று ரத்த வங்கியில் கேட்டிருக்கிறார்கள்.

"ஓ தானே? எனக்கும் ஓ தான்" என்று லைசென்ஸைக் காட்டினேன்.

"அப்போ வர்றீங்களா மாமா?"

"அவ சொல்லி அனுப்பினாளா?"

"நான் வந்தது அம்மாவுக்குத் தெரியாது."

"அவ கேக்கட்டும். கேட்டா வர்றேன்."

இதில் என்ன தப்பு? அறுபத்து நாலு வயதில் ஒருவனுக்கு ஒரு வார்த்தை கேட்டுப் பெற உரிமை இல்லையா? இதுவரை யாருக்கும் ரத்தம் கொடுத்ததில்லை. யாரும் கேட்டதில்லை. கேட்காத இடத்தில் கொடுப்பது எனக்குப் பழக்கமில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

வீட்டுக்காரியிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிராமல், "ஆறரையில இருக்கிறவ எந்திரிச்சு வந்து உங்க வாசல்ல நின்னு கேக்கணுமா?" என்றாள்.

"போன்ல கேட்டாலும் போதும்."

"ரொம்பப் பெரிய மனசு."

அதோடு சரி. சாயங்காலம் வரை நான்கு முறை அலமாரிக் கதவைத் தேவைக்கு அதிகமாகச் சத்தம் வரச் சாத்தினாள்.

பிப்ரவரி 11, புதன்

ரத்த வங்கிக்குப் போனேன். கொடுக்க இல்லை. ஓ-வோடு ஓ சேரவில்லை என்றால் சோதனையில்தான் கோளாறு, அதைச் சொல்லிவிட்டு வரப் போனேன்.

அங்கே சோதனை செய்கிற பெண்ணுக்கு முப்பது வயது இருக்கும். பேச்சில் மரியாதை, பார்வையில் இல்லை. நான் விளக்கினேன். சிவப்பணுவின் மேல் சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு வகைச் சர்க்கரை இருந்தால் ஏ, இன்னொரு வகை இருந்தால் பி. ஓ வகையில் சர்க்கரை அடையாளம் எதுவுமே கிடையாது. எதுவுமே இல்லாததோடு எதுவுமே இல்லாதது எப்படிச் சண்டை போடும்?

"எதுவும் இல்லன்னு யார் சார் சொன்னது?"

"புத்தகத்துல இருக்கு. பக்கம் நூத்திப் பன்னிரண்டு."

"யார் எழுதின புத்தகம்?"

"சரி, நீங்க விளக்குங்க" என்று பேச்சை மாற்றினேன்.

எழுதியவள் என் தங்கை. விருந்துக்கு அடுத்த வாரமே அவள் புத்தகத்தைத் தப்புக் கண்டுபிடிப்பதற்காக வாங்கினேன். செய்தித்தாள் அட்டை போட்டுக் கடையில் வைத்திருக்கிறேன். ஒன்பது முறை படித்தாகிவிட்டது. பதினான்கு பிழை, எல்லாம் எழுத்துப் பிழை. நான் கற்ற உயிரியலில் முக்கால் பங்கு அதிலிருந்துதான். இதை இந்த நோட்டில் எழுதுவதும் இதுவே முதல் முறை.

அந்தப் பெண் காகிதத்தில் படம் போட்டாள். "எல்லாருக்கும் அடியில ஒரு சர்க்கரை உண்டு சார். ஃபியூகோஸ்னு பேரு. அது இருந்தாத்தான் பக்கத்துல இன்னொண்ணு ஒட்டும். ஒண்ணு ஒட்டினா ஏ, வேற ஒண்ணு ஒட்டினா பி. ஒண்ணுமே ஒட்டலன்னா ஓ. ஓ-ன்னா அடிச் சர்க்கரை மட்டும். உங்க தங்கச்சிக்கு அந்த அடிச் சர்க்கரையே இல்ல."

"அப்போ ஏன் ஓ-ன்னு எழுதினீங்க?"

"ஏவும் பியும் இருக்கான்னு மட்டும் பார்த்தா ரெண்டும் இருக்காது. அதனால எல்லா இடத்துலயும் ஓ-ன்னு எழுதிடுவாங்க. ரத்தம் ஏத்தப் பார்க்கும்போதுதான் வெளியே வரும். வந்ததே வந்தீங்க, கையை நீட்டுங்க."

நீட்டினேன். கோளாறு அவர்கள் பக்கம்தான் என்று நிரூபணமாகட்டும் என்று.

பிப்ரவரி 12, வியாழன்

நூலகம். பெரிய புத்தகமாகக் கேட்டு வாங்கி, காலையிலிருந்து மதியம் வரை. அந்தப் பெண் சொன்னது சரி. பக்கம் 112 தப்பு.

சங்கிலியின் கடைசி மணியில் ஃபியூகோஸைக் கொண்டுபோய் மாட்ட ஒரு என்சைம் உண்டு. அப்பாவிடமிருந்தும் அம்மாவிடமிருந்தும் பழுதான பிரதியே வந்து சேர்ந்த பிள்ளைக்கு அது வேலை செய்யாது. நாலில் ஒரு வாய்ப்பு.

என் தொழிலில் சொல்வதென்றால் இப்படி. கடைக்கு வரும் ஒவ்வொரு துணியிலும் ஒரு துண்டு நாடா தைக்கிறோம். சிலதில் நாடாவின் மேல் சிவப்புக் குறி, சிலதில் பச்சைக் குறி. குறி இல்லாத வெறும் நாடாதான் ஓ. என் தங்கை நாடாவே தைக்காத துணி. உடம்பு பிறந்ததிலிருந்து நாடாவைப் பார்த்ததே இல்லை. அதனால் வெறும் நாடாவோடு வருகிறவனையும் திருடன் என்று அடித்துத் துரத்துகிறது.

மாவும் பருத்தியும்தான் சர்க்கரையின் வேலை என்று நினைத்திருந்தேன். ஒன்று தீனி, ஒன்று சுவர். பெயர்ப்பலகை வேலையும் அதுதான் பார்க்கிறது. நம்மவன் யார், வெளியாள் யார் என்று ரத்தம் சர்க்கரையைத் தடவிப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது.

பதினோரு வருஷமாகத் தேடிய பிழை கிடைத்துவிட்டது. எழுத்துப் பிழை இல்லை, பொருள் பிழை. அதுவும் அவள் ரத்தத்தைப் பற்றியே. நியாயமாகப் பார்த்தால் இன்று நான் சந்தோஷமாக இருக்கவேண்டும்.

பிப்ரவரி 13, வெள்ளி

ரத்த வங்கியிலிருந்து போன் வந்தது. எனக்கும் இல்லை. அதே சர்க்கரை, அதே என்சைம். ஒரு செடியின் விதையிலிருந்து எடுத்த சாறு, ஃபியூகோஸைக் கண்டால் பற்றிக்கொள்ளுமாம். என் ரத்தத்தில் விட்டிருக்கிறார்கள். பற்ற ஒன்றுமில்லாமல் சும்மா இருந்ததாம்.

எனக்கும் அவளுக்கும் பொதுவாக ஒன்றும் கிடையாது என்று பதினோரு வருஷமாக எல்லோரிடமும் சொல்லிவந்திருக்கிறேன். இருக்கிறது என்று ஆகிவிட்டது. அதுவும் இருக்கிற பொருள் இல்லை, இல்லாத பொருள்.

இந்த வகைக்காரர்கள் பட்டியல் ஒன்று உண்டாம். பொருந்தக்கூடிய ஒரே ஆள் போன மாதம்தான் கொடுத்தார், இன்னும் இரண்டு மாதம் அவரைத் தொட முடியாது. "கையில ஒரு பை இருந்தா கத்தி வைப்பேன், இல்லன்னா மாட்டேன்" என்று அறுவை டாக்டர் சொல்லிவிட்டார். பொருந்துகிற இன்னொரு ஆள் நான்தான்.

பிப்ரவரி 14, சனி

மருமகள், தங்கையின் மகள்தான், போன் செய்தாள். என் சோதனை முடிவைத் தாயிடம் சொல்லிவிட்டாளாம்.

"என்ன சொன்னா?"

"சொல்லட்டுமா மாமா? கோபப்படக்கூடாது."

"சொல்லு."

"'அந்த ஆளைக் கேட்டு வாங்கணும்னா எனக்கு இரும்பு ஊசியே போதும்'னு."

இரும்பு ஊசி வேலை செய்ய நாலு வாரம் ஆகும். ரத்தம் கசிவது நாலு வாரம் காத்திருக்காது. இது அவளுக்குத் தெரியாதா? எல்லாம் தெரிந்தவள். கழுத்து வரைக்கும் பிடிவாதம். இப்படியும் ஒரு ஜென்மம் இருக்குமா?

இதை வீட்டுக்காரியிடம் சொல்லிப் புலம்பினேன். என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "இருக்குமே" என்றாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஐந்து புள்ளி ஒன்பது.

கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவா? ஒரே ஒரு வார்த்தை. அண்ணா, வா. முடிஞ்சுது. அதுகூட வேண்டாம், அண்ணான்னு மட்டும் சொன்னாப் போதும். — நான் மட்டும் போய்ச் சொன்னா என்ன? சொல்ல மாட்டேன். ஏன்? ஏன்னு கேட்டா என்கிட்ட பதில் இருக்கா?

கடை விடுமுறை. ஆனாலும் போய், துவைத்த தலையணை உறைகளையே எடுத்து மறுபடி துவைத்தேன்.

பிப்ரவரி 16, திங்கள்

ஆஸ்பத்திரிக்குப் போனேன், புத்தகத்தை எடுத்துக்கொண்டு. பக்கம் 112-இல் அடையாளத்துக்குச் சீட்டு வைத்திருந்தேன். சொல்லவேண்டியதும் தயார். 'பேராசிரியை அவர்களே, இப்போது சட்டையை யார் சாப்பிடுவது?' பஸ்ஸில் மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன், நன்றாகத்தான் வந்தது.

இரண்டாம் மாடி, ஜன்னலோரக் கட்டில். முகம் தலையணை உறையின் நிறத்தில் இருந்தது. அவள் எங்கே முடிகிறாள், உறை எங்கே தொடங்குகிறது என்று தலைமுடியை வைத்துத்தான் தெரிந்தது.

"வா" என்றாள்.

உட்கார்ந்தேன். மருமகள் தண்ணீர் பிடிக்கப் போவதுபோல் வெளியே போனாள். பாட்டிலைக்கூட எடுக்கவில்லை.

"முட்டி வலி எப்படி இருக்கு?"

"என் முட்டி இருக்கட்டும்."

"கையில என்ன, கணக்கு நோட்டா?"

கொடுத்தேன். அட்டையைப் பிரித்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள். எல்லாப் பக்கத்து ஓரத்திலும் என் பென்சில் எழுத்து. கேள்விகள், படங்கள், சில இடத்தில் 'சரி', சில இடத்தில் 'மிகச் சரி'. 'மிகச் சரி'களை அழித்துவிட்டு வந்திருக்கலாம். தோன்றவில்லை.

"எத்தனை தடவை படிச்ச?"

"எண்ணல. நூத்திப் பன்னிரண்டைப் பாரு."

படித்தாள். ஒரு முறைதான் படித்தாள்.

"அடிச் சர்க்கரையை விட்டுட்டேன். வகுப்புல சுருக்கமா இருக்கட்டும்னு ஆரம்பிச்சேன், அப்படியே அச்சுலயும் போயிடுச்சு. முப்பது வருஷமா இதைத்தான் சொல்லிட்டு இருக்கேன்." பிறகு கையை நீட்டினாள். "தப்பு அண்ணா. பென்சில் குடு."

பென்சில் அவள் விரலில் நிற்கவில்லை. வரியை அடிக்கப் போய்ப் பக்கத்து வரியையும் சேர்த்து அடித்தாள். நான் புத்தகத்தை ஆடாமல் பிடித்துக்கொண்டேன்.

பஸ்ஸில் பழகிய வாக்கியம் அப்படியே இருந்தது, நுனி நாக்கில். சொல்லவில்லை. மறந்துபோனது என்று எழுதலாம். மறக்கவில்லை.

மருமகள் காலிக் கையோடு திரும்பி வந்தாள். "நாளைக்குக் காலையில எத்தனை மணிக்கு வரணும்?" என்று அவளிடம் கேட்டேன்.

"நான் கேக்கல" என்றாள் தங்கை.

"நீ கேக்கலன்னு கையெழுத்துப் போட்டுத் தர்றேன். பேசாமப் படு."

பிப்ரவரி 17, செவ்வாய்

கொடுத்தாகிவிட்டது. முந்நூற்றைம்பது மில்லி. முதல் முறை கொடுக்க அறுபதுதான் வரம்பாம், வேறு ஆள் இல்லாததால் அங்கிருந்த டாக்டர் தனியாகக் கையெழுத்துப் போட்டு அனுமதித்தார். ஊசி போட்ட இடத்தைவிட, அசையாமல் படுத்திருப்பதுதான் கஷ்டமாக இருந்தது. ரத்த வங்கிப் பெண் பையின் மேல் சீட்டு ஒட்டி என்னிடம் காட்டினாள். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் துணிக்கு நாடா தைத்தவனுக்கு அந்தச் சீட்டு கோணலாக ஒட்டியிருப்பதாகத் தோன்றியது. சொன்னேன். பிரித்து நேராக ஒட்டினாள்.

"உங்க தங்கச்சியும் இப்படித்தான் சார். நான் ரத்தம் எடுத்தப்போ டியூப்ல எழுதின தேதி தெளிவா இல்லன்னாங்க."

பிப்ரவரி 18, புதன்

ஒன்பதரைக்கு உள்ளே கொண்டுபோனார்கள்.

பத்து.

பதினொன்று. வீட்டுக்காரி ரொட்டி கொண்டுவந்தாள். அப்படியே இருக்கிறது.

பன்னிரண்டே கால். ஒரு நர்ஸ் ஓடினாள். எங்களுக்காக இல்லை.

தசைக்குள்ளும் கல்லீரலுக்குள்ளும் நாம் சேர்த்துவைத்திருப்பதும் குளுக்கோஸ் மாலைதான், கிளை கிளையாக. பட்டினி கிடந்தால் கல்லீரல் அந்த நுனிகளிலிருந்து ஒவ்வொரு மணியாகக் கழற்றி ரத்தத்துக்குக் கொடுக்கும். ஒரு நாள் தாங்கும். இதை எதற்கு இப்போது எழுதுகிறேன்? எதையாவது எழுதவேண்டும்.

ஒன்று நாற்பது. டாக்டர் வந்தார். கட்டியை முழுதாக எடுத்தாகிவிட்டது. "ஒரு பை சரியாப் போச்சு" என்றார். நான் இறுகப் பிடித்திருந்தது டாக்டரின் கையை என்பது கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. விட்டுவிட்டேன்.

பிப்ரவரி 20, வெள்ளி

கண் விழித்துப் பேசுகிறாளாம். மருமகள் போனில், "அம்மா ஒண்ணு கேக்கச் சொன்னாங்க மாமா. இனிமே அவங்க மேலயும் லாண்டரி வாசனை வருமான்னு."

வாசனை சிவப்பணுவில் இல்லை என்று சொல்லச் சொன்னேன்.

பிப்ரவரி 26, வியாழன்

பரிசோதனை முடிவு வந்தது. கெட்ட கட்டி இல்லை. ரத்தத்தைக் குடித்தது ஒன்றுதான் அதன் குற்றம்.

வீட்டுக்காரி இன்று அலமாரிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

மார்ச் 4, புதன்

ரத்த வங்கிப் பெண் போன் செய்தாள். பட்டியலில் என் பெயரைச் சேர்க்கமுடியாது. ஏப்ரலில் அறுபத்தைந்து ஆகிறது, அதற்கு மேல் எடுப்பதில்லை. சரி என்றேன். இன்னும் ஒன்று சொன்னாள். இது இரு வழிப் பாதையாம். நாளைக்கு எனக்கு ஒன்று என்றால் ஊரிலிருக்கும் எந்த ஓ-வும் உதவாது. பட்டியல்காரர் கிடைக்கவேண்டும், இல்லை தங்கை. அவளுக்கு ஐம்பத்தொன்பதுதான். ரத்தம் ஏற்றிக்கொண்டதால் ஒரு வருஷம் போகவேண்டும், ஹீமோகுளோபின் பன்னிரண்டரைக்கு ஏறவேண்டும்.

"இப்போ எவ்வளவு?"

"எட்டு புள்ளி ஆறு."

குறித்துக்கொண்டேன். ஆக, நாளைக்கு எனக்கு வேண்டிய ரத்தம் அவள் வீட்டில் இருக்கிறது, அதுவும் முக்கால் அளவுகூட இல்லாமல். இதைக் கவனிக்காமல் விடுவது புத்திசாலித்தனம் இல்லை. முழுக்க முழுக்க என் சுயநலம் என்று மருமகளிடமும் தெளிவாகச் சொல்லிவிட்டேன்.

மார்ச் 11, புதன்

ஒன்பது புள்ளி நாலு. இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்குகிறாள் என்று மருமகள் சொன்னாள். தேநீரோடு போனால் இரும்பு உடம்பில் சேராது. உயிரியல் பேராசிரியை. நேரில் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன்.

மார்ச் 25, புதன்

பத்து புள்ளி மூன்று. புத்தகத்தின் அடுத்த பதிப்புக்குத் திருத்தம் போடுகிறாளாம், ஓரத்தில் நான் எழுதிய கேள்விகளையும் பார்க்கவேண்டுமாம். இரண்டாம் அத்தியாயத்திலேயே சண்டை வந்துவிட்டது. பருத்தியைப் பற்றி. எழுந்து வந்துவிட்டேன். வாசல் வரை வந்து, "மூணாவது அத்தியாயம் வியாழக்கிழமை" என்றாள்.

ஏப்ரல் 8, புதன்

பதினொன்று புள்ளி இரண்டு. நல்ல ஏற்றம் என்றாராம் டாக்டர். மெதுவாகத்தான் ஏறுகிறது என்றேன் நான்.

"உனக்கு என்ன அண்ணா அவசரம்?"

எனக்கு ஒரு அவசரமும் இல்லை என்றேன். காலை பத்து மணிக்குப் போனவன், திரும்பும்போது தெருவிளக்கு எரிய ஆரம்பித்திருந்தது.